சங்க மண்டபத்தில் ஓர் இந்திய வரைபடம் மாட்டுங்கள்

மும்பையில் தமிழ்ச் சங்கங்கள், ஊர் நலச் சங்கங்கள், ஞாயிறு தமிழ் வகுப்புகள் நடத்திவரும் பெரியோர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விழா, திருக்குறள் ஒப்பித்தல், பத்தாம் வகுப்பில் தேறியவர்களுக்குப் பரிசு என்று நம் பிள்ளைகளுக்காக நீங்கள் செய்வதெல்லாம் நன்றிக்குரியவை. அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கவே இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்குத் திசையும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. அதனால் குடும்பங்கள் பணத்தையும் நாளையும் இழக்கின்றன. பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று இனியும் விட்டுவிடாதீர்கள்.

சயான் கோலிவாடாவில் எங்கள் கட்டடத்துப் பெண் ஒருத்திக்குச் சென்ற ஆண்டு பிலாஸ்பூர் எய்ம்ஸில் செவிலியர் வேலை கிடைத்தது. அந்த வீட்டுக்கு வந்த முதல் அரசு வேலை. அப்பா அன்றைக்கே டிக்கெட் எடுக்க ஓடினார். ஏஜென்ட் கணினியில் பிலாஸ்பூர் என்று தட்டினார். ஹவுரா போகும் வண்டியில் இரண்டு பெர்த் கிடைத்தது. தாயும் மகளும் நாக்பூர், ராய்ப்பூர் எல்லாம் தாண்டி, சத்தீஸ்கரிலுள்ள பிலாஸ்பூரில் பெட்டி படுக்கையோடு இறங்கினார்கள். ஆட்டோக்காரரிடம் எய்ம்ஸ் போக வேண்டும் என்று சொன்னபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அவள் சேர வேண்டிய எய்ம்ஸ் இமாச்சலப் பிரதேசத்து பிலாஸ்பூரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே போக பஞ்சாபின் கீரத்பூர் சாகிப் வரை ரயிலில் சென்று, பிறகு மலைப்பாதையில் பஸ் பிடிக்க வேண்டும். வேலையில் சேரக் கெடு நெருங்கிவிட்டதால் ராய்ப்பூருக்குத் திரும்பி, டெல்லிக்கு விமானம் ஏறினார்கள். அந்த டிக்கெட்டுக்காக அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

அந்தப் பணி ஆணையை நான் வாங்கிப் பார்த்தேன். முகவரியில் இமாச்சலப் பிரதேசம் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. அதை அடுத்து 17 என்று தொடங்கும் பின்கோடு. சத்தீஸ்கர் பிலாஸ்பூரின் பின்கோடு 49 என்று தொடங்கும். 1972 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த எண்ணின் முதல் இலக்கமே நாட்டின் எந்தப் பகுதி என்று சொல்லிவிடும். டெல்லி, பஞ்சாப், இமாச்சலம், காஷ்மீர் பக்கம் என்றால் 1. மகாராஷ்டிரம், கோவா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்றால் 4. தமிழ்நாடும் கேரளமும் 6. அப்பா, மகள், ஏஜென்ட், வாழ்த்த வந்த அக்கம்பக்கத்தார் என்று அத்தனை பேரும் அந்தத் தாளைப் படித்தார்கள். இமயமலைப் பக்கம் போக வேண்டியவள் ஹவுரா வண்டியில் ஏறுகிறாளே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. இவ்வளவு கடினமான தேர்வை எழுதித் தேறிய பெண் அவள். அவள் அறிவில் ஒரு குறையும் கிடையாது. வரைபடத்தின் முன்னால் அவளை யாரும் நிறுத்தவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

பிலாஸ்பூர் ஒன்றோடு இது முடியவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் மாவட்டத்திலும் ஒரு பிலாஸ்பூர் உண்டு. ஹமீர்பூர் உத்தரப் பிரதேசத்திலும் இருக்கிறது, இமாச்சலத்திலும் இருக்கிறது. மகாராஷ்டிரத்து ஔரங்காபாத்துக்கு சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் மாறிவிட்டது. பீகாரின் ஔரங்காபாத் அதே பெயரில்தான் இருக்கிறது. வெளிநாட்டாருக்கும் இது நேர்கிறது. 2002-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் இளம் ஜோடி ஒன்று கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள சிட்னியில் போய் இறங்கியது. மொபைல் இருக்கும்போது எதற்கு இதெல்லாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நாம் சொன்ன ஊருக்கு அது வழி காட்டும். சொன்ன ஊரே தவறு என்றால், அந்தத் தவறான ஊருக்கும் அதே அக்கறையோடு வழி காட்டும்.

பள்ளியில் புவியியல் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் மகாராஷ்டிரத்தின் பத்தாம் வகுப்புப் புவியியல் தேர்வு ரத்தாகி, மற்றப் பாடங்களின் சராசரியைக் கொண்டு மதிப்பெண் போட்டார்கள். அந்த நெருக்கடியில் வேறு வழியில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பெற்றோரில் ஒருவர்கூட அந்தப் பாடத்தைப் பிறகாவது பிள்ளை படிக்கட்டும் என்று சொல்லவில்லை. கணக்குத் தேர்வு ரத்தாகியிருந்தால் தெருவே பேசியிருக்கும்.

இத்தனைக்கும் நாம் பாடத்தின் மேலேயே பயணம் செய்கிறவர்கள். கல்யாணில் ரயில் பாதை ஏன் இரண்டாகப் பிரிகிறது? எதிரே சஹ்யாத்ரி மலை நிற்கிறது. வடகிழக்கே கசாரா வழியாகத் தால் காட், தென்கிழக்கே கர்ஜத் வழியாகப் போர் காட். 1860-களில் இந்த இரண்டு கணவாய்கள் வழியாகத்தான் ரயில் மேலே ஏறியது. கர்ஜத் பக்கத்து அம்பர்நாத் போக வேண்டியவர் கசாரா பக்கத்து டிட்வாலா வண்டியில் ஏறிவிட்டு, ஷஹாட் வந்ததும் பதறுவது இன்றும் நடக்கிறது. மலையையும் இரண்டு வழிகளையும் ஒருமுறை படத்தில் பார்த்த பிள்ளைக்கு எது எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

மே மாதம் ஊருக்குப் போகும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். போர் காட் ஏறுவதற்காகக் கர்ஜத்தில் கூடுதல் எஞ்சின்களைப் பின்னால் சேர்க்கிறார்கள். புணே, சோலாப்பூர் கடந்தால் பீமா ஆறு. ராய்ச்சூர் வருமுன் கிருஷ்ணா, பிறகு துங்கபத்திரா. இங்கிருந்து போன பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் 1871-இல் கைகோத்தது அந்த ராய்ச்சூரில்தான். இத்தனையும் ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்க, நம் பிள்ளைகள் மேல் பெர்த்தில் மொபைல் பார்த்தபடி படுத்திருக்கிறார்கள்.

ஐயா, அம்மா, நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியமன்று. உங்கள் மண்டபத்தில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஓர் இந்திய வரைபடம் மாட்டுங்கள். மேடைக்கு மேலே தலைவர்களின் படத்தோடு வைத்தால் பயனில்லை, விரல் எட்ட வேண்டும். ஞாயிறு வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஊருக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வண்டி போகும் வழியை அதில் தொட்டுக் காட்டிவிட்டுக் கிளம்பட்டும். வேலைக்கோ தேர்வுக்கோ வெளியூர் செல்லும் இளைஞர்கள் டிக்கெட் எடுக்குமுன் மாநிலம், மாவட்டம், பின்கோடு மூன்றையும் சரிபார்க்க, விவரம் தெரிந்த ஒருவரைச் சங்கத்தில் அமர்த்துங்கள்.

எங்கள் பகுதிச் சங்கம் இசைந்தால் படத்தை நான் வாங்கித் தருகிறேன். ஞாயிறு காலை வகுப்பையும் நானே எடுக்கிறேன். பள்ளிகள் ஜூனில் திறக்குமுன் உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சயான் கோலிவாடா வாசி ஒருவர்