குழாய் ஸ்பீக்கரை விற்றுவிட்டேன்

காரைக்குடி,
மே 27

அன்பு நண்பனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். பினாங்கில் மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் சுகந்தானே? கத்திரி முடிய இன்னும் ஓரிரு நாள் இருக்கிறது. மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

ஒரு செய்தி சொல்ல வேண்டும், திட்டாதே. அப்பாவின் மைக் செட் குழாய் ஸ்பீக்கர்களைப் போன வாரம் விற்றுவிட்டேன். முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். மூன்று குழாய், ஓர் ஆம்ப்ளிஃபயர். பேரம் பேச மனசு வரவில்லை, அவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டேன். ஏதோ ஹோட்டல் முகப்பில் அழகுக்குத் தொங்கவிடப் போகிறார்களாம். தொங்கட்டும்.

இசைத்தட்டுப் பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. 25-ஆம் தேதி பாடகர் டி.எம்.எஸ். நினைவு நாள் இல்லையா, அன்றைக்கு அதைத் திறந்து உட்கார்ந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பா ஒவ்வொரு உறையின் மூலையிலும் பென்சிலால் குறி போட்டிருப்பார். 'க' என்றால் கல்யாணம், 'கோ' கோயில், 'சா' சாவு வீடு. பிரித்து அடுக்கிப் பார்த்தேன். மூன்று அடுக்கிலும் அதிகமாக இருந்தவர் இவர்தான். பிள்ளையார் பாட்டுக்குச் சீர்காழி, தாலாட்டுக்குச் சுசீலா என்று மற்றவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. இவருக்கு மட்டும் எல்லா வீட்டிலும் வேலை.

சிவாஜிக்கு ஒரு குரல், எம்.ஜி.ஆருக்கு ஒரு குரல் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். 1954-இல் 'தூக்குத் தூக்கி', அதே வருடம் 'மலைக்கள்ளன்', இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் குரல் பொருந்திவிட்டது. அப்பா மதித்தது வேறொன்றை. குழாய் ஸ்பீக்கரில் அடித்தொண்டைச் சத்தம் வெளியே வராது. நடுவில் இருப்பதுதான் கத்திக்கொண்டு வரும். நல்ல பாடகர்களின் பாட்டே குழாய்க்குள் போனால் சொல் கரைந்து வெறும் ராகமாகிவிடும். டி.எம்.எஸ். பாட்டு மட்டும் கண்மாய்க்கு அந்தப் பக்கம் நாற்று நடுகிறவர்களுக்கும் சொல் சொல்லாகப் போய்ச் சேரும். லகரம் வேறு, ழகரம் வேறு என்று அங்கேயும் தெரியும். இத்தனைக்கும் அவர் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். மதுரையில் 1922-இல் பிறந்த பிள்ளை, நம் காரைக்குடி ராஜமணி ஐயங்காரிடம் கர்நாடக சங்கீதம் படித்தவர். இந்த ஒரு விஷயத்தில் அப்பாவுக்கு ஊர்ப் பெருமை தாங்காது. "எழுதினது சிறுகூடல்பட்டி, சொல்லிக்கொடுத்தது காரைக்குடி, மதுரைக்கு என்னடா பாக்கி?" என்பார். சிறுகூடல்பட்டி கண்ணதாசன் ஊர். இதைச் சொல்வதும் மதுரைக்காரர்கள் காதில் விழாமல்தான்.

அப்புறம் அந்தக் கொத்தமங்கலத்துக் கல்யாணம். மறந்திருக்க மாட்டாய். அப்பா சாப்பிடப் போன நேரத்தில் உன்னைத் தட்டு மாற்றச் சொன்னார். நீ 'சா' அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாய். கண்ணதாசன் எழுதின தத்துவம், அதுவும் இவர் குரலில். வேறு யாராவது பாடியிருந்தால் பந்தியில் பாதிப் பேருக்கு விளங்கியே இருக்காது! ஒவ்வொரு சொல்லும் இலைக்கு இலை இறங்கியது. பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு அப்படியே நின்றார். அப்பா எச்சில் கையோடு வளவைத் தாண்டி ஓடிவந்து முள்ளைத் தூக்கியதும், பெண்ணின் ஐயா முகப்பிலிருந்து பார்த்த பார்வையும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அந்தக் கல்யாணத்துக்கு அப்பா கூலி வாங்கவில்லை. உன்னை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அடி எனக்குத்தான் விழுந்தது. அந்த உறையை 25-ஆம் தேதி எடுத்துப் பார்த்தேன். மூலையில் சாம்பார்க் கறை அப்படியே இருக்கிறது.

'கோ' அடுக்கைப் பற்றி ஒன்று. முருகன் பாட்டுகள் பலவற்றுக்கு அவரே மெட்டும் போட்டார் என்பது உனக்குத் தெரியும். அதில் ஒன்று, வாலி சினிமாவில் பேர் எடுக்கும் முன்பு ஸ்ரீரங்கத்திலிருந்து போஸ்ட் கார்டில் எழுதி அனுப்பிய பாட்டு. யாரோ ஒரு பையன் எழுதியது என்று ஒதுக்கியிருந்தால் கேட்க ஆள் இல்லை. ஒரு கார்டில் எத்தனை வரி அடங்கும் என்று நான் எழுதியே பார்த்தேன், பொடி எழுத்தில் எழுதினால்தான் முடிகிறது. இந்தத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடிகளோடு நானும் நடந்து கிளம்பினேன். முழங்கால் சிங்கம்புணரியோடு நின்றுவிட்டது, பஸ் ஏறித் திரும்பினேன். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், எல்லாப் பந்தலிலும் அவர் குரல். இப்போது குழாய் கிடையாது, செல்போனில் சொருகிய ஒரு சின்ன டப்பாதான். அதிலும் ழகரம் ழகரமாகவே வந்தது.

2013-இல் அவர் இறந்த அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொன்னேனா? நீ அப்போது பினாங்குக்குப் போய்விட்டாய். அப்பாவுக்கு அதற்குள் காது போய்விட்டது. நாற்பது வருடம் குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவருக்கு வேறென்ன ஆகும்? டி.வி.யில் படமும் பாட்டுமாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் உதடுகளைப் பார்த்துவிட்டு, "சவுண்டைக் கூட்டுடா" என்றார். சத்தம் முழுசாகத்தான் இருந்தது. நான் எழுந்து போய் பட்டனைத் திருகுவது மாதிரி பாவனை செய்துவிட்டு வந்தேன். "ம், இப்ப சரி" என்றார்.

மதுரை முனிச்சாலையில் அவருக்கு 2023-இல் சிலை வைத்தார்கள். நீ வரும்போது ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நீ ஆடிக்கு வருவதாக மகள் சொன்னாளே, நிச்சயந்தானா? டிக்கெட் போட்டதும் எழுது. திண்ணையறையை ஒழித்து வைக்கிறேன். பிளேயர் ஓடுகிறது, முள்தான் மழுங்கிவிட்டது. இங்கே கேட்டால் பொம்மைக்கா என்கிறார்கள். பினாங்கில் பழைய கடைகள் இருக்குமே, கிராமபோன் ஊசி கிடைத்தால் ஒரு டப்பா வாங்கி வா. தட்டை இந்த முறை நான் போடுகிறேன்.

உன்,
மைக் செட்டுக்காரர் மகன்