லெஃப்ட் பேக் ஆடும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உன் மெசேஜைப் பார்த்தேன். ஸ்கூல் ஃபுட்பால் டீமில் உன்னை லெஃப்ட் பேக்காக, அதாவது இடது ஓரத்தில் நின்று தடுத்து ஆடுபவளாகப் போட்டிருக்கிறார்கள், வாரத்தில் மூன்று நாள்தான் பிராக்டிஸ், மற்ற நாட்களில் வீட்டில் எந்த ஸ்கில்லைப் பழகலாம் என்று கேட்டு, கூடவே சில வீடியோக்களும் அனுப்பியிருந்தாய். எல்லாவற்றையும் பார்த்தேன், பந்தைச் சுற்றிக் காலைச் சுழற்றி எதிராளியை ஏமாற்றுவதெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கொஞ்ச நாள் தள்ளி வை. இதே கேள்வி உன் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

டீம் பிராக்டிஸில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார். பிள்ளைகள் நிறைய, பந்து கொஞ்சம். வரிசையில் நிற்கிறாய், உன் முறை வந்ததும் ஒரு பாஸ், அப்புறம் மறுபடியும் வரிசையின் கடைசி. முடிவில் மேட்ச் வைத்தாலும் உன் பக்கம் பந்து வந்தால்தான் உண்டு. கோச்சைக் குறை சொல்லவில்லை. யார் எங்கே நிற்பது, எப்போது ஏறிப் போவது, எப்போது பின்னால் வருவது என்பதையெல்லாம் அங்கேதான் கற்க முடியும், வீட்டில் அது நடக்காது. ஆனால் பந்து காலில் படுவது அங்கே குறைவு, வீட்டில் நீ ஈடுகட்ட வேண்டியது அதைத்தான். அதிலும் முதலில் ஃபர்ஸ்ட் டச். வருகிற பந்தை முதல் தொடுதலிலேயே வேண்டிய இடத்தில் வைக்கத் தெரிந்தவளுக்குத்தான் நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்கும்.

நெதர்லாந்தின் டென்னிஸ் பெர்க்காம்ப், ஆம்ஸ்டர்டாமில் சிறுவனாக இருந்தபோது சுவரில் பந்தை அடித்து, எப்படி அடித்தால் எப்படித் திரும்பி வருகிறது என்று கவனித்துப் பழகியவர். 1998 உலகக் கோப்பை காலிறுதி, எதிரே அர்ஜென்டினா, 1-1 என்று நிற்கிறது, ஆட்டம் முடியப் போகிறது. ஃபிராங்க் டி போயர் தொலைவிலிருந்து தூக்கி அடித்த பந்தை ஓடிக்கொண்டே எம்பி வலது காலில் இறக்கினார், அடுத்த தொடுதலில் அர்ஜென்டினாவின் தடுப்பாட்டக்காரர் அயாலாவைத் தாண்டி உள்ளே திருப்பினார், மூன்றாவது தொடுதல் கோல். எல்லோரும் அந்த கோலைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நீ முதல் தொடுதலை மட்டும் ஸ்லோ மோஷனில் பார், பந்து அவர் காலில் பட்டதும் எப்படி அடங்குகிறது என்று.

உங்கள் மொட்டை மாடியில் மாடிப்படி ரூம் இருக்கிறதே, அதன் கதவில்லாத பக்கத்துச் சுவர் போதும். கைப்பிடிச் சுவரில் அடிக்காதே, தாழ்வானது, பந்து தெருவுக்குப் போய்விடும். சுவரிலிருந்து நாலு பெரிய எட்டு தள்ளி நின்று உள்பாதத்தால் தரையோடு ஒரு பாஸ். திரும்பி வருவதை அதே காலால் நிறுத்தி மறுபடி அடி. அது சரளமானதும் ஒரு காலால் வாங்கி மறு காலால் அடி. அதற்கடுத்ததுதான் உன் பொசிஷனுக்கு முக்கியம்: சுவரைப் பார்த்து நேராக நிற்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திறந்து நின்று, பந்துக்குத் தூரமாக இருக்கிற காலால் வாங்கி, அந்தத் தொடுதலிலேயே முன்பக்கம் தள்ளு. லெஃப்ட் பேக்குக்கு, நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக்கிடமிருந்து பந்து வரும்போது இதேதான் வேண்டும், இடது காலில் வாங்கினால் மைதானம் முழுக்கக் கண்ணெதிரே இருக்கும். வலது காலில் வாங்கித் திரும்பப் பார்த்தால் அதற்குள் எதிராளி மேலே வந்து நிற்பாள். கடைசியாக, பந்து சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் தோளுக்கு மேலே பின்னால் ஒரு பார்வை. உன் தம்பியைப் பின்னால் நிறுத்தி விரல்களைக் காட்டச் சொல், எத்தனை என்று நீ சொல்ல வேண்டும்.

மாடித் தரை மழைநீர்க் குழாயை நோக்கிச் சரிந்திருக்கும், பந்தை வைத்தால் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். அதுவும் நல்லதுதான், உள்ளங்காலால் இழுத்து நிறுத்தப் பழகலாம். ஆனால் சிமெண்ட் தரையில் ஃபுல்லாகக் காற்றடித்த பந்து எகிறும். உள்ளரங்கில் ஆடும் சின்ன ஃபுட்பாலான ஃபுட்சாலின் பந்து கிடைத்தால் வாங்கு. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் முதல் எகிறலில் அது 50 முதல் 65 சென்டிமீட்டர்தான் எழும்ப வேண்டும் என்பது விதி, அதனால் காலோடு ஒட்டி நிற்கும். இல்லையென்றால் பழைய பந்தில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு ஆடு. ஸ்டட் வைத்த பூட்ஸை மாடியில் போடாதே, வழுக்கும், முட்டிக்கும் கெடுதல்.

இடது கால் வரவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். பெரும்பாலும் சிக்கல் இடது காலில் இருக்காது, ஊன்றுகிற வலது காலில்தான் இருக்கும். இத்தனை நாள் அடித்தே பழகிய கால், மொத்த உடம்பையும் தாங்கி நிற்கப் பழகவில்லை. பல் தேய்க்கும்போது வலது காலில் மட்டும் நில். அடிக்கும்போது வலது பாதம் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, கட்டைவிரல் பந்து போகவேண்டிய திசையைப் பார்த்தபடி இருக்கட்டும், இடது கணுக்கால் தளராமல் இறுகியிருக்கட்டும். பலமாக அடிக்கத் தேவையில்லை. தென்கொரியாவின் சோன் ஹியுங்-மின்னை அவருடைய அப்பா சிறுவயதில் இப்படி அடிப்படையிலேயே கட்டிப்போட்டார், மணிக்கணக்கில் பந்தைக் கீழே விழாமல் தட்ட வைத்தார். 2021-22 இங்கிலாந்து பிரீமியர் லீகில் சோன் அடித்த 23 கோலில் ஒன்றுகூட பெனால்டி இல்லை, இடது காலும் வலது காலும் ஏறக்குறைய சரிபாதி. அந்தக் கண்டிப்பை உனக்குச் சொல்லமாட்டேன், ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும், மேட்சுக்கு மறுநாள் அதுவும் வேண்டாம். முட்டிச்சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் வலித்தால் பொறுத்துக்கொண்டு ஆடாதே, வளர்கிற வயதில் குதித்து ஓடும் பிள்ளைகளுக்கு அது வருவதுண்டு, அம்மாவிடம் சொல்லி டாக்டரிடம் காட்டு. சுவரில் ஹெட்டிங், அதாவது தலையால் முட்டி அடிப்பது, பழகவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனால் பசங்கள் இடம் விடுவதில்லை, அதனால்தான் மாடி என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மாடியில் பழகுவது கூடுதலாக இருக்கட்டும், கிரவுண்டுக்குப் பதிலாக இருக்கக் கூடாது. 2018இல், பல முறை பட்டம் வென்ற மணிப்பூரையே தோற்கடித்துத் தேசியப் பட்டம் வென்றது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. அந்த அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். இந்த ஊர்ப் பெண்கள் ஆடுவார்களா என்று இனி யாரும் கேட்க முடியாது. நாலைந்து பேராகச் சேர்ந்து போய், உங்கள் பி.டி. டீச்சரையும் வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் ஒரு பாதி எங்களுக்கு என்று கேளுங்கள். அவர்கள் தரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

மாடிக்குக் காலையில் ஆறரைக்குப் போ, தரை சுடாது. ஆனால் மேல் வீட்டுக்காரர்களுக்குத் தலைக்கு மேல் தொம் தொம் என்று கேட்கும், முதலில் அவர்களிடம் நேரம் கேட்டுக்கொள். அம்மா ஏதாவது சொன்னால் எனக்கு போன் போடச் சொல், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா