பேர் போடாதம்மான்னு சொன்னவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

எங்க வீட்டுக்காரர் படுத்தப்ப தோள் குடுத்த ஒங்களுக்கெல்லாம் நன்றி சொல்லி இத எழுதணும்னு ரொம்ப நாளாவே இருந்தேன், தள்ளிக்கிட்டே போனதுக்கு நீங்கதான் காரணம். ஆளாளுக்கு "பேரெல்லாம் போட்றாதம்மா"ன்னு சொல்லிட்டீங்க. கேட்டா மத்தேயு 6ஆம் அதிகாரம், வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக் கூடாதாம். சரி, அது குடுக்கறவங்களுக்குச் சொன்னது. வாங்கிக்கிட்டவ வாய மூடிக்கிட்டு இருக்கணும்னு எந்த அதிகாரத்துலயும் இல்லயே. லூக்கா 17ல பத்து தொழுநோயாளிங்க சொகமாகி, ஒருத்தன் மட்டும் திரும்பி வந்தப்ப மத்த ஒம்பது பேரு எங்கன்னு ஆண்டவரே கேட்டாருல்ல. அதனால பேரு போடல, ஆனா சொல்லாம விடறதா இல்ல.

விசயம் தெரியாதவங்களுக்காக. எங்க வீட்டுக்காரர் ஆத்தங்குடி கல்லு, அதான் தரையில பதிக்கற பூப்போட்ட டைல்ஸ், போடுற பட்டறையில சின்ன வயசுலேருந்து வேலை பாக்கறவரு. கண்ணாடி மேல அச்ச வச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சிமெண்ட கரண்டியால ஊத்தி, ஊத்துன கலரு அலுங்காம அச்ச நேரா மேல தூக்கணும், அப்புறம் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காய வச்சு, தொட்டித் தண்ணியில நாள் கணக்கா ஊறப் போட்டு எடுக்கணும். சூளை கெடையாது, எல்லாமே கைதான். அந்தக் கை ஒரு நாள் காலையில அச்சத் தூக்கும்போது கேக்கல. பச்சையும் செவப்பும் ஒண்ணோட ஒண்ணு ஓடிப்போச்சு, கூட இருந்த பையன் என்னண்ணேன்னு நிமுந்து பாத்தா வாய் ஒரு பக்கமா கோணி நிக்குது. பக்கவாதம்.

மொத நன்றி ஆட்டோ பாய்க்கு. பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டி ஒரு ஊசி போட்டுட்டு வீட்டுல படுக்கப் போடுங்கன்னு நாலு பேரு நாலு விதமா சொல்லிக்கிட்டு இருந்தப்ப, பாய் யாரு பேச்சையும் கேக்காம "இது அந்த வியாதி, லேட் பண்ணக் கூடாது"ன்னு நேரா ஸ்கேன் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டாரு. ரத்தக்கட்டு அடைச்சு வர்ற பக்கவாதம்னா நாலரை மணி நேரத்துக்குள்ள கட்டியக் கரைக்கற ஊசி போட்டாகணும், ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லன்னு உறுதியானாத்தான் அதையும் போடுவாங்க, இதெல்லாம் எனக்கு அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரியும், பாய்க்கு அவுக அத்தா, அதான் அப்பா, படுத்தப்பவே தெரிஞ்சிருக்கு. நல்ல சமாரியன் கதைய மறைக்கல்வியில எத்தன வருசம் படிச்சிருப்போம், அதுலயும் அடிபட்டுக் கெடந்தவனப் பாத்துட்டு குருவும் லேவியனும் விலகிப் போயிட்டாங்க, நின்னது வேத்து ஆளுதான். பாய் வாடகை வாங்கல. திருப்பிக் குடுக்கப் போனா, எங்க நோம்புக் கஞ்சிக்கு வந்து ஒத்தாசை பண்ணுங்கன்னு சொல்லிட்டாரு, கண்டிப்பா வருவேன் பாய்.

அடுத்தது எங்க அன்பியத்து அக்காமாருங்க, அதான் பங்குல அக்கம்பக்கத்து வீடுங்க சேந்து செபிக்கற குழு. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்த அன்னிக்கே தேதி காலண்டர் தாளக் கிழிச்சு பின்னாடி எழுதி சமையக்கட்டு செவத்துல ஒட்டிட்டாங்க, திங்கக்கிழமை யாரு, செவ்வாய் யாரு, என்ன கொண்டு வரணும், கீழ "உப்பு கம்மி" அப்படின்னு ரெண்டு கோடு போட்டு. முழுங்க முடியாதவருக்கு கொழைய வேகவச்சு மசிச்சுத்தான் குடுக்கணும், கொஞ்சம் தண்ணியா போனாலே பொரை ஏறிரும். செட்டிநாட்டுல பொறந்து வளந்துட்டு மிளகாயும் உப்பும் இல்லாம ஆக்கறது சும்மா இல்லங்க, அதுவே ஒரு தவக்கால ஒறுத்தல்தான். அந்த லிஸ்டுல எங்கூட தெருக்குழாய் தகராறுல வருசக்கணக்கா பேச்சுவார்த்தை இல்லாத அக்கா பேரும் இருந்துச்சு. வர மாட்டாங்கன்னுதான் நெனச்சேன், வெள்ளிக்கிழமை சரியா வந்து நின்னாங்க, வந்து மன்னிப்பு கின்னிப்புன்னு ஒண்ணும் பேசல, "அந்த அலுமினியச் சட்டி எங்க வச்சிருக்க?"ன்னாங்க, நான் எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான், இப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கொடத்த வச்சுட்டு நிக்கிறோம்.

ஏழைபாழைக்கு ஒதவுற வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்கள பத்தி எழுதலன்னா எனக்கு சோறு எறங்காது. 1833ல பாரிஸ்ல ஓசானாம்னு ஒரு காலேஜ் படிக்கற பையன் கூட்டாளிங்களோட ஆரம்பிச்ச சபைன்னு கோவில்ல சொல்லிக் கேட்டிருக்கேன். எப்பவும் ஜோடியாத்தான் வருவாங்க, வந்தா மொதல்ல ஒக்காந்து நோயாளிகிட்டதான் பேசுவாங்க, கணக்கு வழக்கெல்லாம் அப்புறம். அவங்க கூட்டம் முடிஞ்சதும் ஒரு ரகசியப் பை சுத்தி வருமாம், யாரு எவ்வளவு போட்டான்னு யாருக்கும் தெரியாது, கொத்தனாரும் போடுவாரு கடைக்காரரும் போடுவாரு. அந்தப் பையிலேருந்துதான் எங்க வீட்டு மாத்திரைச் செலவும் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸும் போயிருக்கு. யாருக்கு நன்றி சொல்றதுன்னே தெரியாம ஞாயித்துக்கிழமை பூசையில எல்லாரு மூஞ்சியையும் பாத்துக்கிட்டு நிக்கிறேன், அந்தக் கஷ்டத்தையும் நீங்க புரிஞ்சுக்கணும்.

வீடு வீடா போயி செபம் பண்ற மரியாயின் சேனைங்கற குழுவுல இருக்கற அக்காங்க ரெண்டு பேரு, இவங்க காசு குடுக்க மாட்டாங்க, அவங்க சட்டத்துலயே பொருளுதவி பண்ணக் கூடாதுன்னு இருக்கு, 1921ல டப்ளின்ல ஆரம்பிச்சதுலேருந்து அப்படியாம். நேரத்தத்தான் குடுக்கறாங்க. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா படுத்த படுக்கையா ஒருத்தர வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும், "நீ போயி குளிச்சிட்டு வா, நாங்க பாத்துக்கறோம்"னு ஒருத்தங்க சொல்றது எவ்வளவு பெரிய விசயம்னு. இங்கதான் ஒண்ணு நடந்துச்சு, இத விலாவாரியாவே எழுதறேன். எங்க வீட்டுக்காரருக்கு பேச்சு சுத்தமா போயிருச்சு, என் பேரு வரல, பிள்ளைங்க பேரு வரல, தண்ணி வேணும்னா கூட கையக் காட்டி முழிப்பாரு, சொல்ல வரலங்கற கோவத்துல டம்ளர எறிவாரு. ஒரு செவ்வாக்கெழமை அந்த அக்காங்க கட்டில் பக்கத்துல ஒக்காந்து செபமாலை சொல்லிக்கிட்டு இருக்கும்போது, ரெண்டாவது காரணிக்கத்துல, அதான் ரெண்டாவது பத்து மணியில, கட்டில்லேருந்து ஒரு கொரல் வருது. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க"ன்னு. இப்ப நாமெல்லாம் அருள் நிறைந்த மரியேன்னுதான் சொல்றோம், இவரு சொன்னது எங்க அத்தை, அதான் இவரு அம்மா, சின்ன வயசுல மடியில வச்சு சொல்லிக் குடுத்த பழைய மந்திரம். கொழறாம முழுசும் சொல்லிட்டாரு. அத்தை வாசப்படியிலேயே ஒக்காந்துட்டாங்க. நான் புதுமைன்னு ஊரக் கூட்டிருப்பேன், பேச்சுப் பயிற்சி குடுக்கற தங்கச்சிதான் வெளக்குனாங்க, மனப்பாடமா ஊறிப்போன செபமும் பாட்டும் நெறைய பேருக்கு இப்படித்தான் மொதல்ல திரும்பி வரும், நாமளா யோசிச்சுப் பேசற பேச்சு வேற, அது மெதுவாத்தான் வரும்னு. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் படுது. அதுக்கப்புறம் அந்தத் தங்கச்சி செபமாலையவே பயிற்சியா எடுத்துக்கிச்சு, பாதி சொல்லி நிறுத்திரும், மீதிய இவரு முடிக்கணும். இத்தனைக்கும் அது இந்துப் பொண்ணு, நமக்காக மந்திரத்த பாடம் பண்ணிக்கிட்டு வந்துச்சு.

ஃபாதருக்கு ரெண்டு நன்றி. ஒண்ணு, நோயில்பூசுதல் குடுக்க எண்ணெயோட வந்தப்ப எங்க அத்தை "எம் மகன் போகப் போறானா சாமி"ன்னு அழ ஆரம்பிச்சிட்டாங்க, அவங்க காலத்துல கடைசி மூச்சுக்குத்தானே கூப்புடுவாங்க. ஃபாதர் பூசுறத நிறுத்திட்டு அத்தை பக்கத்துல தரையில ஒக்காந்து, இது சாகறதுக்கு இல்ல ஆத்தா, பலமா நோய் வந்த யாருக்கும் குடுக்கறது, யாக்கோபு மடல்லயே இருக்குன்னு பொறுமையா சொல்லிட்டுத்தான் பூசுனாங்க. ரெண்டாவது, வெளியூர்லேருந்து செபம் பண்றோம்னு வந்த ஒரு கூட்டம் மாத்திரைய நிறுத்துனாத்தான் விசுவாசம், இது ஏதோ பழைய பாவத்தோட கட்டுன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. அத ஃபாதர்கிட்ட சொன்னேன், அவங்க அப்படிக் கோவப்பட்டு நான் பாத்ததில்ல. பிறவிக் குருடரப் பாத்து இவன் செஞ்ச பாவமா பெத்தவங்க பாவமான்னு கேட்டவங்களுக்கு ஆண்டவர் என்ன சொன்னாருன்னு யோவான் 9 எடுத்துப் படிச்சுக் காட்டிட்டு, பிரஷர் மாத்திரை டப்பாவ கையில எடுத்து "மொதல்ல இது, அப்புறம் செபமாலை"ன்னாங்க.

கோவில் பூசையில குடுக்கற நற்கருணை அப்பத்த வீட்டுக்கே கொண்டு வர்ற வாத்தியார் அய்யாவ மறக்கவே முடியாது. ரெண்டாம் பூசை முடிஞ்சு சைக்கிள்ல வருவாங்க, நற்கருணை கூட இருக்கறப்ப வழியில யாரு கூப்பிட்டாலும் நிக்க மாட்டாங்க, தலைய மட்டும் ஆட்டுவாங்க. முழுங்க முடியாத நாள்ல அப்பத்துல ஒரு சின்னத் துணுக்கு மட்டும் கிள்ளி, ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்து, தொண்டை ஏறி எறங்கறது வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பாங்க. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் டீ, அரசியல், கிரிக்கெட்டு.

நான் சமையலுக்குப் போற வீட்டு ஆச்சி இதப் படிக்க மாட்டாங்க, அவங்க மகன் படிச்சுக் காட்டுவாருன்னு எழுதறேன். நான் வராத மாசமும் சம்பளத்த நிறுத்தல. "நீ ஒங்க மாதாகிட்ட சொல்லு, நான் பிள்ளையார்பட்டியில சொல்றேன், யாரு முந்திக் கேக்குறாகன்னு பாப்போம்"னாங்க ஆச்சி. பங்கு இளைஞருங்க ஓரியூர் போயிட்டு கொண்டாந்த செம்மண்ணும் ஆச்சி குடுத்து விட்ட விபூதியும் ஒரே அலமாரியிலதான் இருந்துச்சு. 1693ல அருளானந்தர்ங்கற குருவோட தலைய வெட்டுன எடத்து மண்ணு அது, அத்தை தெனம் மகன் கையில தடவி விடுவாங்க. சருகணியில லெவே சாமியார் கல்லறையில போயி முழந்தாள் போட்டுட்டு வந்த தேவகோட்டை சித்திக்கும் இதுலயே நன்றி சொல்லிக்கிறேன்.

தியானத்துக்குப் போனா சீடத்துவம் சீடத்துவம்னு, அதான் இயேசுவோட சீடரா வாழறதப் பத்தி, நல்லா பேசறாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. 1964லேயே வத்திக்கான்ல ஆயருங்க கூடுன பொதுச்சங்கம் சொல்லிருச்சு, சாமியாரு சிஸ்டரு மட்டுமில்ல, ஞானஸ்நானம் வாங்குன அத்தன பேருக்கும் புனிதமா வாழற அழைப்பு இருக்குன்னு. 2022ல புனிதர் பட்டம் குடுத்த நம்ம தேவசகாயமும் கல்யாணம் ஆன மனுசன்தான், குரு இல்ல. போப் பிரான்சிஸ் 2018ல எழுதுன மடல்ல அடுத்த வீட்டுலயே புனிதருங்க இருக்காங்கன்னு சொல்லிருக்காரு. எனக்கு இப்ப அந்தப் பேச்சு கேக்கறப்ப மேடையில பேசறவங்க ஞாபகம் வரல, படுக்கைத் துணிய மூக்கச் சுளிக்காம தொவச்சுப் போட்டுட்டு, "காஞ்சதும் எடுத்துரு, மழை வரும் போலருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போன பக்கத்து வீட்டு மதினி ஞாபகந்தான் வருது. மதினி, நீங்களும் பேரு வேணாம்னீங்க, போடல.

இப்ப அவரு குச்சி ஊனி நடக்கறாரு. வலது கை வெரலு இன்னும் மடங்கல, அச்சு தூக்க முடியாது. பட்டறை மொதலாளி ஆள மாத்தாம, வந்து ஒக்காந்து பையங்களுக்கு சொல்லிக் குடுத்தாப் போதும்னு கூப்பிட்டுக்கிட்டாரு, அவருக்கும் ரொம்ப நன்றி. வாயால சொல்லியே வேலை வாங்கறாரு, திட்டு மட்டும் எந்தப் பயிற்சியும் இல்லாம முழுசா திரும்பி வந்திருச்சு.

கடைசியா ஒரு விசயம். சபையில குடுத்த வீல் சேரும், மோட்டார் வச்ச ஏர் பெட்டும் இப்ப வீட்டுல சும்மாதான் இருக்கு. வீல் சேர்ல எடது பக்கம் பிரேக் கொஞ்சம் லூசு, மகன் சரி பண்ணிட்டான். பெட்டுல ஒரு எடத்துல ஒட்டுப் போட்டிருக்கு, காத்து எறங்கல, ராத்திரி மோட்டார் சத்தம் வரும், ரெண்டு நாள்ல பழகிரும். யாரு வீட்டுக்காவது தேவைன்னா, கோவிலுக்கு வர்றவங்க வராதவங்க எந்த சாமியக் கும்புடுறவங்களா இருந்தாலும், பங்கு ஆபீஸ்ல சொல்லி வைங்க, மகன் சாயங்காலம் வண்டியில கொண்டாந்து போட்டுருவான்.