ரெண்டரை லட்சத்துக்கும் பன்னிரண்டு லட்சத்துக்கும் நடுவில்

அன்புள்ள சித்ரா,

உனக்குப் பதில் போடாமல் இழுத்தடித்துவிட்டேன், திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அது முடிந்த கையோடு அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளர் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். மடிப்பாக்கத்தில் இந்த வேலைக்குப் போட்டி போடுகிறவர் யாரும் கிடையாது. அதனால் தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்களைக் கிட்டத்தில் பார்க்கும் யோகம் வாய்த்திருக்கிறது. டெல்லியில் போன வருஷம் உங்களைப் போன்றவர்களின் ஓட்டுக்காக எல்லாரும் அடித்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அங்கே நடந்தது ஏலமேதான். 2025 ஜனவரியில் கெஜ்ரிவால் நடுத்தர வர்க்கத்துக்கென்று தனியாக 7 கோரிக்கைகளை அறிவித்து, வருமான வரி விலக்கை 10 லட்சமாக்கு என்றார். பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை என்றார். 5-ஆம் தேதி நீங்கள் ஓட்டுப் போடப் போனீர்கள். பா.ஜ.க. 8 இடத்திலிருந்து 48-க்குப் போனது. ஆனால் வரிச்சலுகைதான் ஜெயிக்க வைத்தது என்று நீ சொல்வதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். இருக்கிற இலவசங்கள் எதையும் நிறுத்த மாட்டோம் என்று அவர்களும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன பிறகுதானே உங்கள் தெரு தைரியமாக மாறியது?

இங்கே கதை வேறு. தமிழ்நாட்டில் நடுத்தர வர்க்கம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை நான் எழுத்தில் பார்த்தது ஒரே இடத்தில்தான், மகளிர் உரிமைத் தொகையின் தகுதி விதிகளில். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது, மின்சாரம் 3,600 யூனிட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், கார் இருக்கக் கூடாது, வருமான வரி கட்டுகிறவராக இருக்கக் கூடாது. இந்தக் கோட்டுக்கு மேலே போனால் 1,000 ரூபாய் இல்லை. சரி, ஏழைக்குத்தானே போக வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் போனில் 15-ஆம் தேதி வாக்கில் அந்த மெசேஜ் வந்தால் அன்றைக்கு அவர் முகமே தனி.

ஆனால் என் தங்கை வீட்டுக்காரரை எடுத்துக்கொள். கிண்டியில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறார், மாதம் முப்பதாயிரம். வருஷத்துக்கு 3.6 லட்சம் ஆகிறது, அதனால் தங்கைக்கு உரிமைத் தொகை கிடையாது. 12 லட்சம் விலக்கில் அவருக்கு என்ன லாபம்? ஒரு பைசா இல்லை, ஏனென்றால் 5 லட்சம் வரை 2019-லிருந்தே வரி வராது, அதற்குப் பிறகு 7 லட்சம் வரை வராமல் ஆனது, அவர் வரி கட்டியதே இல்லை. மாநிலக் கட்சிகள் கீழே நின்று கொடுக்கின்றன, மத்தியில் ஆளும் கட்சி மேலே இருப்பவர்களுக்கு வரியை விட்டுக்கொடுக்கிறது, நடுத்தர வர்க்கம் என்று இரண்டு பேரும் மேடையில் உருகுகிறார்கள், நிஜமாகவே நடுவில் இருக்கிற ஆள் இரண்டு வரிசையிலும் இல்லை. ஸ்கூல் பீஸ், வாடகை, ஆஸ்பத்திரி, மூன்றும் அவருக்கு முழு விலை. அவருக்கு உண்மையாகக் கிடைத்தது என்று நான் பார்த்தது தங்கை ஆபீஸ் போகிற சாதாரணக் கட்டண பஸ்தான். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, வருமானச் சான்றிதழும் யாரும் கேட்பதில்லை. சில சமயம் தோன்றுகிறது, யார் நீ என்று கேட்காமல் கொடுக்கிற திட்டம்தான் நடுவில் இருப்பவனைத் தொடுகிறது.

இன்னொன்று அந்த 100 யூனிட் இலவச மின்சாரம். 2016-இல் ஜெயலலிதா எல்லா வீட்டுக்கும் கொடுத்தது. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இலவசங்களால் நாடு குட்டிச்சுவர் ஆகிறது என்று தினம் ஒருவர் பார்வர்ட் போடுவார். அதே மனுஷர் மே மாதம் வந்தால் டார்ச் அடித்து மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் இருக்கிற குறைந்த கட்டணமும் போய்விடும் இல்லையா, அதனால் கடைசி வாரம் ஏசி அணைந்துவிடும். மாதாமாதம் ரீடிங் எடுப்போம் என்று 2021-இல் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தபோது அவர்தான் முதலில் கைதட்டியவர். அதற்கு ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்றார்கள். சொத்து வரி மட்டும் எதற்கும் காத்திருக்கவில்லை, 2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது, ஏப்ரலில் ஏற்றினார்கள், நிதிக்குழு நிபந்தனை என்றார்கள்.

நடுத்தர வர்க்கத்திலேயே கட்சிகள் நிஜமாகப் பயப்படுவது ஒரு பிரிவுக்கு மட்டும்தான். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர்களை ஜெயலலிதா லட்சக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினாரே, உன் அக்கா அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வருஷம் மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூட இல்லை. அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் அந்தப் பாடத்தை இரண்டு கழகமும் மறக்கவில்லை. பழைய ஓய்வூதியம் வரும் என்று 2021-இல் சொல்லி, வருஷக்கணக்கில் இழுத்து, 2025-இல் கமிட்டி போட்டு, 2026 ஜனவரியில் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் உறுதி என்று ஸ்டாலின் அறிவித்தார். தேர்தல் வருஷம் வேறு! அக்காவிடம் கேட்டால், "அவங்க கொடுக்கல, நாங்க வாங்கினோம்" என்பாள்.

நாம் எதை வாங்கினோம்? 2024 மக்களவைத் தேர்தலில் மாநிலம் முழுக்க ஓட்டுப் பதிவு கிட்டத்தட்ட 70 சதவீதம், தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54-ஐ ஒட்டி. கட்சிக்காரனுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். பூத் சிலிப் கொண்டுவரும் பையன் குடிசைப் பகுதியில் வீடுவீடாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், எங்கள் கேட்டில் வாட்ச்மேன் மேஜையில் கட்டாக வைத்துவிட்டுப் போகிறான். உள்ளே விட மாட்டோம் என்று போர்டு வைத்தது நாங்கள்தானே. நகரத்துப் படித்தவர்களை நம்பி வந்த கமல்ஹாசனையும் பார்த்தோம். 2019-இல் தென் சென்னையில் அவர் கட்சிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு, 2021-இல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் அவர் தோல்வி, இப்போது தி.மு.க. தயவில் மாநிலங்களவையில் இருக்கிறார்.

அடுத்த ஞாயிறு எங்கள் கூட்டத்துக்கு இரண்டு கட்சியிலிருந்து வருகிறார்கள். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவை எப்போது மூடுவீர்கள் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பார்வர்ட் மனுஷர் தேசப் பொருளாதாரம் பேசுவார், அவரை எப்படி உட்கார வைப்பது என்று ஒரு யோசனை சொல். அப்புறம் மகளுக்கு வரன் அமைந்ததா? பத்திரிகை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வர மாட்டேன், தபாலில் போடு.

அன்புடன்,
மாலதி