நந்திக்கடல் என்றொரு கோள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் ‘கேம்’ விளையாடிக் கெட்டுப்போகிறார்கள் என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொன்னவன்தான். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

இடம்பெயர்ந்த வருடங்களைக் கழித்தால், இருபத்தைந்து வருடமாக அளம்பில் கரையில் கடற்றொழில் செய்கிறேன். மகன் ஏ.எல். படிக்கிறான். கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பிய பிளேஸ்டேஷனில் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற விண்வெளி கேம் விளையாடுவான். அதில் உள்ள கோள்களின் எண்ணிக்கை 18-க்குப் பின்னால் 18 சுழியம் போட்டால் வருவது. முதலில் கண்டுபிடிப்பவர் பெயர் வைக்கலாம். முழுவதும் கடலாகக் கிடந்த இரண்டு கோள்களுக்கு இவன் எங்கள் பக்கத்துக் களப்புகளின் பெயரையே, நந்திக்கடல், நாயாறு என்று வைத்திருக்கிறான்.

ஒருநாள் இரவு, “அப்பா, வந்து பாருங்கோ” என்று கூப்பிட்டான். 2025 ஜனவரியில்தான் அந்தக் கேமில் ஆழ்கடல்களைச் சேர்த்தார்களாம். சின்ன நீர்மூழ்கியில் இறங்க இறங்க நீலம் கறுத்துக்கொண்டே போனது. பிறகு இருட்டுக்குள் உயிர்கள் மினுங்கின. நாங்கள் ஆழத்தைப் பாகத்தில் (ஒரு பாகம் ஆறு அடி) அளப்பவர்கள். வலை இறங்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் கண்டதில்லை. அவனோ கிலோமீற்றர் கணக்கில் இறங்குகிறான்.

2004 சுனாமியில் தன் தாயைப் பறிகொடுத்த என் மனைவி, இவனைக் கடல்பக்கம் விடாமலே வளர்த்தாள். அந்தப் பிள்ளைதான் கேட்டான், இப்படிக் கடல் உண்மையிலேயே எங்கேயும் இருக்கா என்று.

அவனுடைய ஆசிரியர் வியாழனின் நிலவான யூரோப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதன் பனி ஓட்டுக்குக் கீழே பூமியின் கடல்களைப்போல இரண்டு மடங்கு நீர் இருக்கலாமாம். சூரியனுக்கு அவ்வளவு தூரத்தில் அது ஏன் உறையவில்லை? நிலவு எங்கள் கடலை வற்றவும் பெருகவும் வைப்பதைப்போல, வியாழனின் ஈர்ப்பு யூரோப்பாவைப் பிசைந்து உள்ளே சூடு உண்டாக்குகிறது. வற்றையும் பெருக்கையும் பார்த்தே வாழும் எனக்கு அது உடனே விளங்கியது. 2024 ஒக்டோபர் 14 இல் நாசா அனுப்பிய ‘யூரோப்பா கிளிப்பர்’ விண்கலம் 2030 இல் வியாழனை அடையும் என்கிறார்கள். மகன் அதுவரை நாள் எண்ணுகிறான். நானும்தான்.

ஆங்கிலத்தில் இருப்பதை அவன் வாசித்துச் சொல்லச்சொல்லக் கேட்கிறேன். எனக்கு நானே வாசிக்க வேண்டும். ஆகவே யூரோப்பாவைப் பற்றியும், 2005 இல் காசினி விண்கலம் நீர் பீறிடக் கண்ட சனியின் நிலவு என்செலடஸைப் பற்றியும் ஞாயிறு இதழில் ஒரு தொடர் போடுங்கள். படங்களைப் பெரிதாகப் போடுங்கள். எங்கள் மீன்வாடியில் ஒரு பத்திரிகையை ஐந்தாறு பேர் மாறி மாறிப் பார்க்கிறோம்.

ஒரு கடற்றொழிலாளி,
அளம்பில், முல்லைத்தீவு.