மஞ்சள் அறைக்கு எந்த மெஷின்?

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். அவிநாசிப் பக்கம் போகும்போது குளங்களில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தால் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கலாம் போல இருக்கிறது. நம் அப்பாக்கள் காலத்திலிருந்து பேசிக்கொண்டிருந்த அத்திக்கடவுத் திட்டத்தை 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். கொடிவேரி வாய்க்கால் பாயும் ஊரில் வாழ்க்கைப்பட்ட உனக்கு இது பெரிதாகத் தெரியாது. எங்களுக்குப் பெரிசு.

சரி, மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சு வைத்து மூன்று அடுக்காகத் தைக்கிற குவில்ட் போர்வைக்கு, 26 அங்குல லாங் ஆர்ம் மெஷினை, அதாவது கழுத்து நீண்ட தையல் மெஷினை, கம்ப்யூட்டரோடு வாங்கலாமா, இல்லை என்னுடையதைப் போல உட்கார்ந்து தைக்கும் மெஷினே போதுமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். உனக்குச் சரிப்படுவது 18 அல்லது 20 அங்குல மெஷின். ஃபிரேமில் ஏற்றி, நின்றபடி, கையால் ஓட்டுவது. தையல் அளவைச் சீராக்கும் ரெகுலேட்டர் உள்ளது. இதை யோசித்துத்தான் சொல்கிறேன், அம்மிணி.

ஹாஸ்டலில் மார்கழி முழுக்க வாசலில் சிக்குக் கோலம் போட்டவள் நீ. பதினைந்து புள்ளி வைத்தாலும் கையை எடுக்காமல் ஒரே இழையில் கொண்டுவந்து சேர்த்துவிடுவாய். குவில்ட்டிங்குக்கு வேண்டிய கை அதுதான். நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் நூலை முடிந்து, ஊசியில் கோத்து, அடுக்குக்குள் இழுத்து மறைக்க வேண்டும். அதனால் விட்டுப்போகாமல் ஓடும் கோடுதான் இந்த வேலையில் பெரிய மிச்சம். உட்கார்ந்து தைக்கும் மெஷினில் ஊசி ஓரிடத்தில் நிற்கும், துணியை நாம் நகர்த்துவோம். கோடு இடப்பக்கம் போக வேண்டுமென்றால் துணி வலப்பக்கம் போக வேண்டும். பழகினால் வந்துவிடும், எனக்கு வந்துவிட்டது. ஃபிரேமில் துணி விறைப்பாக நிற்க, மெஷின் தண்டவாளத்தில் நாலு பக்கமும் ஓடுகிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வரைய வேண்டியதுதான். தரை நின்று, மாவு பிடித்த கை நகர்கிற அதே வேலை. இத்தனை வருஷம் பழகிய கையை நீ எதற்காகத் தலைகீழாகப் பழக்க வேண்டும்?

இன்னொன்று உன் முழங்கால். நான் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு ஊக்கு என்று குத்திக்கொண்டே போக வேண்டும். கட்டில் அளவுப் போர்வை என்றால் பாதி நாள் மண்டி போட்டே தீரும். ஃபிரேமில் அந்த வேலை கிடையாது. அடித்துணியை ஒரு உருளையிலும் மேல்துணியை ஒரு உருளையிலும் சுற்றி, நடுவில் பஞ்சை வைத்து, தைத்து முடித்த பாகத்தை எதிர்ப்பக்க உருளையில் சுருட்டிக்கொண்டே போகலாம். மண்டி போட வேண்டியதில்லை, ஊக்கும் வேண்டாம். என் அறை பத்துக்குப் பத்து. அதில் ஃபிரேம் நிற்காது என்பதால்தான் 16 அங்குல உட்காரும் மெஷினோடு இருக்கிறேன். உன்னிடம் மஞ்சள் மூட்டை அடுக்கிய நீள அறை சும்மா கிடக்கிறது.

இப்போது அங்குலக் கணக்கு. மெஷினின் பெயரோடு சொல்கிற 18, 20, 26 எல்லாம் ஊசியிலிருந்து பின்னால் இருக்கும் உடம்பு வரைக்குமான தூரம். அத்தனையும் தைக்கக் கிடைக்கும் என்று நினைத்துவிடாதே. தைத்த பாகம் சுருண்டு அந்த இடத்துக்குள்தான் வந்து உட்காருகிறது. போர்வையின் கடைசிப் பகுதிக்கு வரும்போது சுருள் தடித்து மூன்று நாலு அங்குலத்தைத் தின்றுவிடும். நீ தைப்பவை பெரும்பாலும் 12 அங்குலக் கட்டங்கள். 15, 16 அங்குல மெஷினை ஃபிரேமில் போட்டால் கடைசி வரிசைகளில் ஒரு கட்டத்தை முழுசாக முடிக்க முடியாமல், பாதியில் உருட்டி மறுபடி பிடிக்க வேண்டிவரும். 20 இருந்தால் கடைசிக் கட்டமும் அடங்கும். 26 இருந்தால் இன்னும் தாராளம்தான், ஆனால் தலை கனம். அதை எட்டிப் பிடித்துப் பின்பக்கக் கோடியில் ஓட்டும்போது தோள் பேசும். உன் உயரத்துக்கும் என் உயரத்துக்கும் அது கொஞ்சம் எட்டாத தூரம். ஹாண்டி குவில்ட்டரின் அமாரா 20 அங்குலம், பெர்னினா க்யூ20-யும் அதே. பெர்னினாவை மேஜையில் வைத்தும் ஓட்டலாம், ஃபிரேமிலும் ஏற்றலாம்.

ஹூஸ்டனில் மகள் வீட்டில் இருந்தபோது அங்கே இலையுதிர் காலத்தில் நடக்கும் சர்வதேச குவில்ட் திருவிழாவுக்குக் கூட்டிப்போனாள். மிசூரியிலிருந்து வரும் கேமில், ஐயோவாவின் ஏபிக்யூஎஸ் என்று எல்லாக் கம்பெனி மெஷின்களையும் வரிசையாக வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் நின்று ஓட்டிப் பார்க்கலாம். ஒரு மெஷினில் ரெகுலேட்டரை அணைக்கச் சொல்லி ஓட்டினேன். நேர்கோட்டில் கை வேகமாகப் போனதும் தையல் கால் அங்குலத்துக்கு நீண்டது. வளைவில் கை தயங்கியதும் ஒரே இடத்தில் குத்திக் குவிந்தது. ரெகுலேட்டரைப் போட்டதும் அதே கை, அதே தயக்கம், ஆனால் அங்குலத்துக்குப் பத்துத் தையல் ஒரே சீராக விழுந்தது. சக்கரத்தை ஒட்டி ஒரு என்கோடர் இருக்கிறது. மெஷின் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அது சொல்ல, அதற்கேற்ப மோட்டார் ஊசியை வேகமாகவோ மெதுவாகவோ இறக்குகிறது. உனக்குக் கோலக்கை இருந்தாலும் இது வேண்டும். கோலத்தில் கோடு அழகாக இருந்தால் போதும், இங்கே கோட்டின் ஒவ்வொரு தையலும் தனியாகத் தெரியும்.

ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் மேல்பக்கத்தைப் பார்த்து மயங்காதே. துணியைத் திருப்பி வளைவுகளைப் பார். கை வேகமாகத் திரும்பிய இடங்களில் மேல் நூல் அடிப்பக்கம் இழுபட்டு, சின்னச் சின்னக் கண்ணியாக வரிசைகட்டி நிற்கும். விரலால் தடவினாலே நெருடும். மேல் நூல் டென்ஷன் தளர்ந்திருக்கலாம், அல்லது அடி நூல் சுற்றிய பாபின் இறுக்கமாக இருக்கலாம். நாம் டெய்லரிங் வகுப்பில் படித்ததுதான்: பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும், விழுந்துவிடக் கூடாது, இறங்காமலும் இருக்கக் கூடாது. இரண்டையும் சரிபார்த்த பிறகும் வளைவில் கண்ணி நின்றால் அந்த மெஷினை விட்டுவிடு. பாபின் பெரிய அளவா என்றும் கேள். எம் வகை பாபினில் எல் வகையை விட நிறைய நூல் பிடிக்கும். வரிசை நடுவில் அடி நூல் தீர்ந்துபோவது அவ்வளவு எரிச்சலான விஷயம்.

கம்ப்யூட்டர் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது வரைகிற வேலையை உன்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. டிசைனைத் தேர்ந்தெடுத்து, இடத்தைக் குறித்துக் கொடுத்தால் மெஷினே தைத்துக்கொண்டு போகும். ஊர்ப் போர்வைகளை வாங்கிக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்களுக்கு அது தெய்வம், அதில் சந்தேகமே இல்லை. நீ வருஷத்துக்கு நாலைந்து போர்வை, அதுவும் பேரன் பேத்திக்கும் கல்யாண வீடுகளுக்கும் தைக்கிறவள். ஃபிரேமும் கம்ப்யூட்டரும் சேர்த்தால் 20,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அத்தனை பணம் கொடுத்து உனக்குப் பிடித்த வேலையை இன்னொன்றிடம் ஒப்படைக்க வேண்டுமா? தோள் ஒத்துழைக்காத காலம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். பல மெஷின்களில் கம்ப்யூட்டரைப் பிற்பாடு சேர்த்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது அதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்.

ரிப்பேர் விஷயத்தில் நாம் பயப்பட வேண்டியதில்லை. உலகத்தில் எந்த மூலையில் குவில்ட் தைக்கிறவர்களையும் விட நமக்கு வசதி. திருப்பூரில் தெருவுக்கு ஒரு மெஷின் மெக்கானிக் இருக்கிறார். லாங் ஆர்மின் கழுத்து நீளமே தவிர, அடியில் இருப்பது அவர்கள் தினமும் பார்க்கிற ரோட்டரி ஹூக்தான். என் மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தபோது பனியன் கம்பெனிக்குப் போகிற ஒருவர் வந்தார். இப்படி ஒரு மெஷினை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஊசித் தகட்டைக் கழற்றினார், கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். ஊசி அடிவரை இறங்கி மேலே ஏறத் தொடங்கும்போது ஹூக்கின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே இருக்கும் பள்ளத்தில் வந்து நூலைப் பிடிக்க வேண்டும். அது ஒரு மயிரிழை பிந்தி வந்தது. டார்ச் அடித்துக் காட்டி எனக்கும் புரியவைத்தார். திருகைத் தளர்த்தி, ஹூக்கை லேசாகத் திருப்பி, இறுக்கினார். டீ குடிக்கிற நேரம்தான், சரியாகிவிட்டது.

அவர்களால் முடியாதது எலக்ட்ரானிக் போர்டு. திரை, ரெகுலேட்டர், அதன் வயர்கள், இவைதான் தொல்லை கொடுத்தால் ஆள் கிடைக்காதவை. அதனால் விலை பேசும்போதே ஒரு என்கோடரும் அதன் வயரும் கூடுதலாகக் கேட்டு வாங்கு. போர்டு போனால் யார் அனுப்புவார்கள், எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள். வாயால் சொல்வதை நம்பாதே. திரையில்லாத நாளிலும் மெஷின் தைக்குமா என்றும் கேள்.

மின்சாரம் ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் விற்கும் மெஷின் 120 வோல்ட். நமக்கு 230. யாராவது பழைய மெஷினை மலிவாகத் தருகிறேன் என்றால் அதில் இதை முதலில் பார். 230 வோல்ட் மாடலாகவே கேட்டு வாங்குவதுதான் நல்லது. உங்கள் ஊரில் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி ஏறுவதைச் சொல்லியிருக்கிறாய், அதற்கு நல்ல யுபிஎஸ் ஒன்று போட்டுவிடு. கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்று கிளியரிங் ஏஜெண்டிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டு. பெட்டி பெட்டியாக வரும், இறக்க ஆள் வேண்டும்.

அறையைப் பற்றி. கட்டில் போர்வை 90-க்கு 100 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 10 அடி ஃபிரேம் போதும், 12 அடிக்கு ஆசைப்படாதே. அடித்துணி மேல்துணியை விட எல்லாப் பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், ஓரத்தில் கிளிப் மாட்ட இடம் வேண்டும், அத்தனையும் அதில் அடங்கும். ஃபிரேமின் இரண்டு கோடியிலும் ஆள் நுழைய இடம் விடு. பின்பக்கமும் நின்று வேலை செய்ய வேண்டியிருக்கும், சுவரோடு ஒட்டிப் போட்டுவிடாதே. உன் மஞ்சள் அறையில் எனக்கு ஒரே சந்தேகம் தரைதான். கழுவிவிட வசதியாக வாசலைப் பார்த்துச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். ஃபிரேம் மட்டமாக இல்லாவிட்டால் கையை எடுத்ததும் மெஷின் தானாகவே தாழ்ந்த பக்கம் ஓடும், நேர்கோடு ஒருநாளும் வராது. கால்களில் திருகி உயர்த்தும் ஏற்பாடு இருக்கும், ஆனால் சாய்வு அதிகமென்றால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். சுவரில் மஞ்சள் தூசி இருந்தால் சுண்ணாம்பு அடித்துவிடு, வெள்ளைத் துணியில் பட்டால் போகாது.

துணிக்கும் பஞ்சுக்கும் நமக்குக் குறையே இல்லை. ஒட்டுப் போடாமல் முழு அகலத்தில் அடித்துணி வேண்டுமென்றால் கரூரில் பெட்ஷீட் நெய்கிற இடங்களில் விசாரி. சோமனூர்ப் பக்கத்துக் காடாத் துணியும் நல்லதுதான், ஆனால் துவைத்துக் காய வைத்த பிறகே தொடு, நன்றாகச் சுருங்கும். நான் தருகிற பனியன் வெட்டுத் துணிகளைக் குவில்ட்டில் சேர்க்காதே, ஃபிரேமில் இழுத்துக் கட்டினால் அவை நீண்டு, இறக்கியதும் சுருங்கி, மேடு பள்ளமாகிவிடும். மெத்தைக் கடையில் அடித்துக் கொடுக்கும் பஞ்சும் ஆகாது, துவைத்தால் மூலையில் போய்க் குவியும். ஊசிகளால் குத்திப் பின்னிய பஞ்சுத் தகடு ரோலாகக் கிடைக்கிறது, மெல்லிசாக வாங்கு. நம் குளிருக்கு அதுவே தாராளம்.

மகள் வைகாசியில் வருகிறாள். அதற்குள் முடிவாகிவிட்டால் என்கோடர், ஊசி, ரூலர் மாதிரி சின்னச் சாமான்களைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாம். ரூலர் வாங்கினால் கால் அங்குலத் தடிமன் உள்ளதாகத்தான் வாங்க வேண்டும். மெல்லியது ஃபுட்டுக்கு அடியில் நழுவினால் ஊசி உடையும்.

அண்ணனிடம் ஒரு ரசமட்டம் வாங்கி, அறையின் நாலு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பார்க்கச் சொல். அறையின் நீளம், அகலம், கதவின் அகலம், பிளக் பாயிண்ட் எந்தச் சுவரில் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. அது வந்ததும் எந்த ஃபிரேம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா