ரைவிங் நைஃபை மாட்டிவிட்டேன், தம்பி

தம்பி,

டேபிள் சாவில், அதாவது மேஜை நடுவே வட்ட பிளேடு சுழலும் ரம்பத்தில், உன் விரலில் அடிபட்டு நேற்றோடு ஒரு வருஷம். நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் எந்தப் பட்டறை என்பதும், பெயரும் இங்கே வேண்டாம்.

ரைவிங் நைஃபை, அதாவது பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் காக்கும் தகட்டை, கழற்றியது நான். அதற்குக் காரணமும் இருந்தது. புதிதாக மாட்டிய மெல்லிய பிளேடு 2.4 மில்லிமீட்டர் அகலம்தான் வெட்டும், நைஃப் 2.5. பலகை அதில் முட்டி நின்றுவிடும். மாற்ற வேண்டியது பிளேடை. நான் நைஃபை டிராயரில் போட்டேன்.

அந்தப் பத்து சென்டிமீட்டர் துண்டுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. குறுக்கு வெட்டுக்குப் பலகையைத் தாங்கித் தள்ளுகிற மைட்டர் கேஜால் தள்ளிக்கொண்டே, அளவுக்காக, பிளேடுக்கு இணையாக நிற்கும் ஃபென்ஸ் என்ற தடுப்பிலும் ஒட்டி வைத்திருந்தாய். அறுந்ததும் துண்டைப் பிடிக்க ஆளில்லை. ஒரு பக்கம் ஃபென்ஸ், மறுபக்கம் பிளேடு. லேசாகக் கோணியது. பின்பக்கத்துப் பற்கள் கீழிருந்து மேலேறி நம்மைப் பார்த்து வருபவை. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 10 அங்குல பிளேடின் பல் நொடிக்கு 53 மீட்டர் ஓடும். நைஃப் இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். சிக்கின துண்டு அப்போதும் தெறிக்கலாம்.

ஃபென்ஸையும் மைட்டர் கேஜையும் குறுக்கு வெட்டில் சேர்த்துப் பிடிக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன்! பிளேடுக்கு நன்றாக முன்னாலேயே ஃபென்ஸில் ஒரு கட்டையை கிளாம்ப் போட்டு அளவை அதில் வைத்தால், பல்லைத் தொடும் முன்பே பலகை கட்டையைத் தாண்டியிருக்கும். துண்டு விழ இடம் இருக்கும். சொன்னேன், சரி. அந்தக் கட்டையை ஒருநாளாவது வெட்டி வைத்தேனா?

விரல் இப்போது முழுக்க மடங்குகிறதா?

அன்று காலை தேக்கு கருகியதற்கு, மெதுவாகத் தள்ளுகிறாய் என்று உன்னைத் திட்டினேன். அதுவும் தப்பு. மாட்டியிருந்தது 60 பல். நார் வாக்கில் கிழிக்கும்போது நீள நீளமாகச் சுருள் வரும். பல்லுக்கிடையே இருக்கிற சின்னப் பள்ளத்தில் அது அடைந்து சூடேறும். கிழிக்க 24 தட்டைப் பல். குறுக்கு வெட்டுக்கும் பிளைவுட்டுக்கும், ஒன்றுவிட்டு ஒன்று சாய்ந்த 60 முதல் 80 பல். 'எல்லாத்துக்கும் ஒரே பிளேடு போதும்' என்ற கஞ்சத்தனம் என்னுடையது. ஆனால் பிளேடின் நேர்க்கோட்டிலேயே நின்றது நீ. அதை மட்டும் என் தலையில் கட்டாதே.

இப்போது மாட்டியிருக்கும் 24 பல் பிளேடு 3.2 மில்லிமீட்டர் வெட்டும். பற்களைத் தாங்கும் அதன் தகடு 2.2. நடுவில் 2.5 நைஃப் சரியாக உட்கார்கிறது. பல்லுக்கும் அதற்கும் 5 மில்லிமீட்டர் இடைவெளி. பிளேடை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், கூடவே ஏறி இறங்குகிறது.

80 பல் பிளேடு உறை பிரிக்காமல் இருக்கிறது. வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நீயே மாட்டு.

அண்ணன்